மூன்றாம் ஓலைக்கு முன்

திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த வேதமாணிக்கத்துக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கு ஜாதகத்தின்மேல் பழி போட முடியாது. அவர்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், ஜாதகம் பார்ப்பதில்லை. குறை முழுக்க வாயில்தான். மார்த்தாண்டத்திலிருந்து படிக்க வந்த நாள் முதலே, ஒரு கேள்வி காதில் விழுந்துவிட்டால் பதில் சொல்லாமல் மனிதருக்குச் சோறு இறங்காது. தெரிந்த கேள்வியா, தெரியாத கேள்வியா என்பதெல்லாம் அப்புறம்தான்.

தெரிந்ததை அழகாகத்தான் சொல்வார். வௌவாலின் இறக்கை, கடற்பன்றியின் துடுப்பு, மனுஷன் கை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எலும்புகளைத் தொட்டுக் காட்டி, எல்லாம் ஒரே வீட்டுப் பங்காளிகள் என்று விளக்கினால் தூங்க வந்த மாணவன்கூட விழித்துக்கொள்வான். வம்பெல்லாம் தம்பானூர் காப்பிக்கடையில்தான். "செரி சாரே, உயிரெல்லாம் கொஞ்சங்கொஞ்சமா மாறி வந்துன்னே வச்சுக்கிடுவோம். அப்போ இந்த சூரியன், நட்சத்திரமெல்லாம்?" என்று எவனாவது கேட்பான். அது என் பாடம் இல்லையப்பா என்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். மாட்டாரே! நெருப்பு மேகத்தில் தொடங்கி நட்சத்திரம், பூமி, மீன், ஓணான், குரங்கு என்று ஒரே மாலையாகக் கட்டி, கடைக்காரர் கழுத்தில் போட்டுவிட்டுத்தான் ஓய்வார். நட்சத்திரப் பக்கம் நூல் அறுந்தால் ஓணானும் சேர்ந்து உதிர்ந்துவிடுமோ என்று உள்ளுக்குள் பயம் வேறு. அதனால் இன்னும் சத்தமாகப் பேசுவார்.

இப்படிப்பட்டவருக்கு 1934இல் ஜெயபாய் அமைந்தாள். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அருமைநாயகத்தின் ஒரே மகள். நிச்சயத்தன்று அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்த சிரிப்பில் வேதமாணிக்கம் இரண்டு நாள் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. அவ்வளவு ஆசை அவருக்கு.

அவர்கள் சபை வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஓலை வாசிக்க வேண்டும். பெயர்தான் ஓலை, வாசிப்பது காகிதம். போதகர் இருவர் பெயரையும் படித்து, தடை சொல்பவர் யாராவது உண்டா என்று கேட்பார். யாரும் எழுந்ததாகச் சரித்திரம் கிடையாது. முதல் ஓலை சுகமாக முடிந்தது. அந்த வாரத்தில் காப்பிக்கடைப் பிரசங்கம் அருமைநாயகத்தின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் ஓலையில் எழுந்து நின்றவர் பெண்ணைப் பெற்றவரேதான்.

"ஐயா, தடை உண்டு."

"என்ன தடை? ரத்த உறவா?"

"ரத்த உறவேதான். மாப்பிள்ளைக்குக் குரங்கு சொந்தமாக்கும்."

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் உறவு உண்டுமான்னுதான் சட்டம் கேக்குது. மத்ததை வீட்டுல வச்சுப் பேசித் தீருங்க. அது வரைக்கும் மூணாம் ஓலை நிக்கட்டும்."

பெண் கைவிட்டுப் போய்விடுமே! வேதமாணிக்கம் வாரம் முழுக்க நெருப்பு மேகத்தை மனப்பாடம் செய்துகொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் மாமனார் வீட்டுக்குப் போனார். அருமைநாயகமும் வெட்டிப் பேசத் தயாராகத்தான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு காரியம் சொல்லும் மாப்பிள்ளே. உலகம் எப்படி உண்டாச்சு?"

"ஆதியில நெருப்பு மேகம் மாமா..."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி... வேற ஒரு மேகம்."

"அதுக்கும் முந்தி?"

வேதமாணிக்கம் இன்னொரு மேகம் தேடித் தலையைத் திருப்பினார். ஜெயபாய் காப்பியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. தப்புக் கணக்கைப் பலகை நிறைய எழுதிக்கொண்டே போகும் பிள்ளையை டீச்சர் பார்ப்பாளே, அந்தப் பார்வை. மூன்றாவது மேகத்தை அவர் அப்படியே விட்டுவிட்டார்.

"மாமா, அது எனக்குத் தெரியாது."

சொன்னது தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"என்னது?"

"நட்சத்திரம் எப்படி வந்துன்னு எனக்குத் தெரியாது. நான் பாத்தது எலும்பை மட்டுந்தான். உலகத்தை யாரு உண்டாக்கியிருந்தாலும், அது எப்படி உண்டாயிருந்தாலும், வௌவால் இறக்கையில அஞ்சு விரல் உள்ளதாக்கும். அது வேற கேள்வி, இது வேற கேள்வி. நான்தான் ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டுட்டுத் திரிஞ்சேன். அதுக்காக ஓலையை நிறுத்திராதீங்க மாமா. எனக்கு உங்க மகளைக் கெட்டணும்."

அருமைநாயகம் திகைத்துப் போனார். நெருப்பு மேகத்துக்கு அவரிடம் எத்தனையோ மறுப்பு இருந்தது. தெரியாது என்பதற்கு ஒன்றுகூட இல்லை.

"தெரியாதுன்னா எப்படி ஓய்? எனக்குத் தெரியும், வேதப்புத்தகத்துல உள்ளபடி நான் சொல்லுதேன் கேளும். முதலாம் நாள்..."

ஜெயபாய் காப்பியைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"அப்பா, மூணாம் ஓலைக்குச் சொல்லி விடுங்க. எல்லாம் தெரிஞ்சவரு இந்தக் குடும்பத்துக்கு ஒருத்தர் போதும்."

மறுநாள் ஆலயத்தில் ஓலையை வாசித்து முடித்த போதகர், தடை உண்டா என்று கேட்டுவிட்டு முன்வரிசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அருமைநாயகம் இரண்டு கையாலும் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.