திருப்பி மாட்டிய கதவு

உங்கள் அறைக் கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது? உள்பக்கம்தானே? எதற்கும் ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இது கட்டுக்கதை இல்லை. இதில் வரும் தச்சர் இன்றும் இருக்கிறார். ஜன்னல், அலமாரி, கட்டில்... எது சொன்னாலும் செய்து கொடுப்பார். கதவு என்றால் மட்டும் சாமானைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மனநல மருத்துவமனையில் பழைய வார்டில் பாதியை இடித்துவிட்டு, நோயாளிகளுக்கென்று பன்னிரண்டு அறைகளோடு ஒரு புது வீடு கட்டினார்கள். வரைபடம் போட்ட மேடம் தச்சரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அண்ணே, இங்க யாரையும் யாரும் பூட்டக் கூடாது. தாழ்ப்பாள் அவங்க கையில இருக்கட்டும். பாதி நோய் அதுலயே இறங்கிடும்."

தச்சருக்கும் அதில் ஆசை இருந்தது. ஏழாம் அறை அவருடைய அக்காவுக்கு. பதினான்கு வருடங்களுக்கு முன் கையெழுத்துப் போட்டு அவளை அந்த மருத்துவமனையில் விட்டவர் அவர்தான். புது அறையில் பழகிக்கொண்டால் வீட்டுக்கே அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழகாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. கதவு மாட்டி முடித்த மறுநாள் காலை அவள் வருவதாக ஏற்பாடு.

இடித்த வார்டின் கதவுகள் நல்ல தேக்கு. தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. தாழ்ப்பாள் எல்லாம் வெளிப்பக்கம் இருந்தது. அதனால் என்ன? கதவையே திருப்பி மாட்டினால் வெளித்தாழ் உள்தாழ் ஆகிவிடாதா! தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

முன்பு உள்ளே இருந்த பக்கம் இப்போது நடைபாதையைப் பார்த்தது. ஏழாம் அறைக் கதவில் முழங்கால் உயரத்தில் நகக் கீறல்கள். இழைப்புளி போட்டு வழவழவென்று ஆக்கினார்.

மாலை 6.10. ஏழாம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தாழ் போட்டுப் பார்த்தார். வெண்ணெயாக வழுக்கியது.

6.12.

சரக்... சரக்...

எலி என்று நினைத்தார்.

சரக்... சரக்... சத்தம் நடைபாதையில். கதவுக்கு அந்தப் பக்கம். முழங்கால் உயரத்தில்.

"யாரு? மேஸ்திரியா?"

குனிந்து கதவின் அடி இடுக்கில் பார்த்தார். வெளிச்சம் இருந்தது. கால்கள் இல்லை.

"திறடா தம்பி... எத்தனை நாளா கூப்பிடுறேன்..."

அக்காவின் குரல். இப்போதைய குரல் இல்லை. பதினான்கு வருடங்களுக்கு முந்தைய குரல்.

தாழ் அவர் கையில்தான் இருந்தது. இழுத்தால் போதும்.

இழுக்கவில்லை.

இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

சரக்... சரக்...

6.40. நின்றது.

6.52-க்கு மேஸ்திரி வந்து கதவைத் தட்டினார். "என்னய்யா, ரூமு புடிச்சுப்போச்சா? உனக்கும் ஒரு கட்டில் போடச் சொல்லவா?"

தச்சர் திறந்தார். மேஸ்திரியின் சிரிப்பு பாதியில் நின்றது. இழைத்த பலகையில் புதுக் கீறல்கள். கீழே பொடிப்பொடியாக மரச்சிராய்.

தச்சர் பழைய வார்டுக்கு ஓடினார். "எங்க அக்கா வெளிய வந்தாங்களா?"

"அஞ்சு மணிக்கே மாத்திரை போட்டுப் படுத்துட்டாங்க. அசையவே இல்லையேண்ணா," என்றார் நர்ஸ். விஷயத்தைக் கேட்டதும், "மேல பத்தொன்பதுன்னு எழுதியிருந்த கதவா அது?" என்றார்.

"ஆமா."

"வந்த புதுசுல நாலு வருஷம் அவங்கள அதுக்குள்ளதான் வெச்சிருந்தாங்க."

தச்சருக்கு அது தெரியாது. பார்க்க வரும்போதெல்லாம் வாசல் அறையில்தான் உட்கார வைப்பார்கள். அன்று இரவே அந்தக் கீறல்களை மறுபடி இழைத்தார். தடயமே இல்லாமல்.

மறுநாள் காலை 9.30-க்கு அக்கா வந்தாள். அறைக்குள் போகவில்லை. நடைபாதையிலேயே ஏழாம் அறைக் கதவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"உள்ள வாங்கம்மா, இது உங்க ரூம்," என்றார் மேடம்.

"நான் உள்ளதானே இருக்கேன்."

வழவழப்பான பலகையில், கீறல் இருந்த அதே இடத்தில் விரல்களை வைத்தாள். தச்சரைப் பார்த்தாள்.

"நேத்து கூப்பிட்டேனே தம்பி. ஏன்டா திறக்கல?"

அவள் நகங்களுக்குள் தேக்குத் தூள் இருந்தது.

10.45-க்கு அக்காவைப் பழைய வார்டுக்கே திருப்பிக் கூட்டிப்போனார்கள். ஏழாம் அறையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.