கோகிலாவின் புத்தகமும் குழந்தைவேலின் ரிக் வண்டியும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சேலத்தில் ரயிலை விட்டு இறங்கினேன். அஸ்தம்பட்டிக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். அங்கே ஏற்காடு சாலையை ஒட்டிய சந்தில் பாஷா பாயின் அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தவர் சில வருடங்களாகப் புத்தகமும் போடுகிறார். எல்லாம் சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்கள் எழுதியவை. புதுப் புத்தகங்களைப் பற்றி எழுதிப் பிழைப்பவள் நான். சென்னைக்கு வராத புத்தகங்களையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாமே என்றுதான் புறப்பட்டேன்.

அன்று திருச்செங்கோட்டில் அவர் பதிப்பித்த புத்தகத்தின் வெளியீடு. தலைப்பு ‘ஆழத்துக்கு ஓர் எல்லை’, விலை நூற்றெண்பது ரூபாய். ஆழ்துளைக் கிணறு இத்தனை அடிதான் போகலாம் என்று சட்டம் வர வேண்டும் என்பது அதன் வாதம். எழுதியவர் கோகிலா. அவர் கணவர் குழந்தைவேல், அதே ஊரில் துளையிடும் ரிக் வண்டி இரண்டு வைத்து ஊர் ஊராகப் போர்க்கிணறு போடுகிறவர்.

இதைப் பாய் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாய் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மீதியைச் சொன்னார். கோகிலா ஒன்றும் ஒளித்து எழுதவில்லை. அச்சுக்குக் கொடுத்த அன்றே கணவரிடம் ஒரு நகலைக் கொடுத்து, முதல் பிரதியை நீங்கள்தான் வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அழைப்பிதழிலும் பெயரைப் போட்டாயிற்று. மனிதர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு மாதமாக அந்தப் புத்தகத்தைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. ரிக் வைத்திருக்கும் பங்காளிகளோ, போனால் மரியாதை கெட்டுவிடும் என்று அவரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

“அவர் வரலைன்னா இனிமே பேனாவையே தொடமாட்டேன்னுடுச்சு மேடம் அந்தம்மா. சும்மா சொல்ற ஆள் இல்ல” என்றார் பாய்.

சேலத்திலிருந்து திருச்செங்கோடு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். சங்ககிரி கோட்டை மலையைத் தாண்டித் திரும்பினால் சாலையோரமெல்லாம் ரிக் பட்டறைகள். மாடி உயரத்துக்கு இரும்புக் கோபுரத்தைப் படுக்கவைத்துச் சுமந்து நிற்கும் வண்டிகள், அடுக்கி வைத்த குழாய்கள், வெல்டிங் வெளிச்சம். இந்தியாவில் எந்த மூலையில் போர் போட்டாலும் வண்டி இந்த ஊரிலிருந்து வந்ததாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நேரில் பார்த்தபோது நம்பாமல் இருக்க முடியவில்லை. கொஞ்ச தூரத்தில் அம்மையும் அப்பனும் ஒரே உடம்பாக நிற்கும் கோயில் மலை தெரிந்தது. அதை வைத்து உவமை எதுவும் சொல்வதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

பத்து மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்தவள் அசந்து நின்றுவிட்டேன். இருநூறு நாற்காலியும் நிறைந்திருந்தது. சென்னையில் புத்தக வெளியீட்டுக்கு நாற்பது பேர் வந்தால் அதில் பத்துப் பேர் பேச வந்தவர்களாக இருப்பார்கள். இங்கே பின்வரிசைகள் முழுக்க வெள்ளை வேட்டியில் ரிக் முதலாளிகள். பலர் கையில் ஏற்கெனவே புத்தகம் இருந்தது. வெளியீட்டுக்கு முன்னாலேயே பட்டறைகளில் பிரதிகள் விற்றுவிட்டன என்றார் பாய். நிலத்துப் பத்திரத்தைப் படிப்பதுபோல வரி வரியாகப் படித்துவிட்டு, சண்டைக்குத் தயாராக வந்திருந்தார்கள்.

கோகிலாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மேடையில் நேராக உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலி. அவர் பார்வை வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது.

கணவர் வராமலே விவாதம் ஆரம்பித்தது. நாமகிரிப்பேட்டைப் பக்கத்து மஞ்சள் விவசாயி ஒருவர், வரம்பு வைத்தால் கிணறு வற்றிய தன்னைப் போன்றவர்கள் எங்கே போவது என்று கேட்டார். ரிக் முதலாளி ஒருவர், இவ்வளவு கடன் வாங்கி வண்டி இறக்கியபின் சட்டம் போட்டால் யார் பொறுப்பு என்றார். ஒரு பள்ளி ஆசிரியை, பக்கத்துக்காரர் ஆழமாகப் போட்டதால் தன் வீட்டுப் போரில் தண்ணீர் நின்றுபோன கதையைச் சொன்னார். குரல்கள் உயர்ந்தன. ஆனால் பக்க எண்ணைச் சொல்லாமல் ஒருவரும் பேசவில்லை. ஒரு புத்தகத்துக்கு இப்படியொரு மரியாதையை நான் என் தொழிலில் பார்த்ததே கிடையாது.

பதினொன்றரை மணிக்கு வாசலில் சலசலப்பு. கட்டையான, கறுத்த மனிதர் ஒருவர் கையில் புத்தகத்தோடு உள்ளே வந்தார். கோகிலா எழுந்து நின்றுவிட்டார். குழந்தைவேல் மேடைக்குப் போகவில்லை. கீழே இருந்த மைக்கை வாங்கினார்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் ரெண்டு தடவை படிச்சேனுங்க. வரம்பு வெக்கோணுங்கறது எனக்கு ஒப்பில்லீங்க. தண்ணியில்லாத காட்டுல வெள்ளாமை பண்றவன் ஆழத்துக்குப் போகாம என்னங்க பண்ணுவான்?”

பின்வரிசையில் கைதட்டல். அவர் கையமர்த்திவிட்டு மனைவியைப் பார்த்தார்.

“கோகிலா, ஊர்ல இருக்கறவங்க தோட்டத்தையெல்லாம் எழுதியிருக்கறே. உங்கப்பா தோட்டத்துல நாலு போர் போட்டது நானு. நாலும் வெறும் புழுதி. அதை ஏன் உட்டுட்டே?”

அந்தத் தோட்டத்தில் பாதி இன்றைக்குத் தரிசு என்று பாய் என் காதில் சொன்னார்.

“உங்களுக்குச் சங்கட்டமா இருக்குமின்னுதானுங்க” என்றார் கோகிலா.

“இருந்தா இருந்துட்டுப் போவுது. நம்மளுதை மறைச்சுட்டு ஊரானுதை எழுதுனா எப்படிச் செல்லும்? அடுத்த பதிப்புல அதையும் போடு. கடைசியில என்ற மறுப்பையும் போடு. நான் சொல்றேன், நீயே எழுது.”

“எழுதறேனுங்க. ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்.”

அதன்பிறகுதான் மேடையேறி முதல் பிரதியை இரண்டு கையாலும் வாங்கினார். பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியது என்று சொல்ல வெட்கமில்லை.

மதியம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. வீட்டை ஒட்டிய ஷெட்டிலிருந்து மூன்று மணிக்கு ஒரு ரிக் தெலங்கானாவுக்குப் புறப்பட்டது. குழந்தைவேலும் கூடப் போகிறார். காலையில் அந்த வண்டிக்கு வரம்பு கேட்ட அதே கோகிலா கற்பூரம் ஏற்றி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் பார்த்த பார்வை அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“புஸ்தகம் ஆழத்தைப் பத்துனதுங்க. வண்டியில போறவங்க நல்லபடியா ஊடு வந்து சேரோணுமில்லீங்களா?” என்றார்.

குழந்தைவேல் ஏறுவதற்கு முன் என்னிடம் வந்து, ஒரு பக்கத்துக்கு எத்தனை வார்த்தை பிடிக்கும் என்று கேட்டார். இருநூறு என்றேன். அப்படியானால் தன் மறுப்பு இருபது பக்கத்துக்குக் குறையாது என்றார். தினமும் போனில் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன், ஆனால் அதற்குக் கீழே என் பதிலும் வரும் என்றார் கோகிலா. எலுமிச்சம்பழம் நசுங்க, வண்டி தெருவில் இறங்கியது.

ஐந்து மணிக்குச் சேலம் பஸ் ஏறினேன். என் வீட்டு நினைப்பு வந்தது. பதினாறு வருடமாக எழுதுகிறேன். என் கணவர் அதில் ஒரு வரியைக்கூட மறுத்துப் பேசியதில்லை. அவர் எனக்கு முழுச் சுதந்திரம் கொடுத்திருக்கிறார் என்று மேடைகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சங்ககிரி தாண்டியதும் அவருக்குப் போன் செய்து, போன வாரம் வந்த என் கட்டுரை எதைப் பற்றியது என்று கேட்டேன்.

டி.வி. சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

“நல்லா இருந்துச்சே” என்றார்.