ஐந்து சுரத்தில் ஒரு காதல் பாட்டு

நான் மெட்டமைத்த ஒரு காதல் பாட்டை இப்போது யாழ்ப்பாணத்திலும் டொரண்டோவிலும் கல்யாண மேடைகளில் பாடுகிறார்கள். ஜகார்த்தாவில் ஒருவர் அதைத் தன் மொழியிலேயே பாடியிருக்கிறார். என்னைப் பார்ப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "யாருங்க அந்தப் பொண்ணு?"

என் மனைவிதான். அந்தப் பாட்டைப் போட்டபோது எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம்.

அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சிங்கப்பூருக்கு அக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் ஸ்கூடாயிலிருந்து தினமும் சிம்பாங் ரெங்கத்துப் பள்ளிக்குக் காரில் போய் வருவாள். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளுக்குக் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான். "நரம்பு சோர்ந்திருக்கு. திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். நீண்ட விடுப்பில் வீட்டிலேயே இருந்தாள். சொல்ல வேண்டியதைச் சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவாள்.

நான் வார நாளில் சிங்கப்பூரில் ஏர்கான் பழுது பார்ப்பவன்; சனி, ஞாயிறு கல்யாண விருந்துகளில் கீபோர்டு வாசிப்பவன். குரல் பயிற்சி தந்த மாது, தினமும் தாழ்ந்த குரலில் முனகச் சொல்லியிருந்தார். தனியாக முனக இவளுக்கு வெட்கம். அதனால் துணைக்கு வாசித்தேன். வாயை மூடி முனகும்போது அவளால் தொட முடிந்தது ஐந்து சுரங்கள்தான். அதற்கு மேல் போனால் இருமல் வந்து, கண் கலங்கி எழுந்து போய்விடுவாள். எனவே அந்த ஐந்துக்குள்ளேயே சுற்றிவரும் ஒரு மெட்டைப் போட்டேன்.

ஒரு நாள் பலகையில் எழுதினாள்: "இப்படியே பேசாம இருந்தா என்னை மறந்துடுவீங்களா?"

மறுநாள் வேலைக்குப் போகும் பஸ்ஸில், எல்லைப் பாலத்து நெரிசலில் நின்றபடி, கைப்பேசியில் அதற்கான பதிலை எழுதினேன். அதுதான் பாட்டாயிற்று.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை, அவள் அந்தப் பாட்டை வெறும் காற்றாய் வாயசைத்துக்கொண்டிருக்க, இரண்டாம் அடியில் சட்டென்று சத்தம் வந்தது. கரகரத்த, மெல்லிய சத்தம். என் விரல்கள் நின்றுவிட்டன.

"அலமாக்! ஐயோ, இது என் குரலா? ஆம்பள மாதிரி இருக்கு லா!"

"இருக்கட்டும், பாடு."

தலைக்கு மேல் இரைந்த காற்றாடியை நிறுத்திவிட்டு, அவள் பாடியதைக் கைப்பேசியில் பதிவு செய்து, நண்பர்களுக்காக இணையத்தில் போட்டேன். அது போன தூரம் இன்னும் எங்களுக்குப் புரியவில்லை. காதலைக் காதோரம் கிசுகிசுக்கும் புதுப் பாணி என்று யாரோ எழுதியிருந்தார். படித்துவிட்டு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். குரல் வளம் இல்லாதவர்களாலும் பாட முடிகிறதே, அதனால்தான் பரவியது என்று நினைக்கிறேன்.

இப்போது கழுத்தில் சின்ன மைக்கை மாட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறாள். போன வாரம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்களாம். "டீச்சர், அது நெசமாவே நீங்க பாடுனதா? எங்க, பாடுங்க பாப்போம்!" பாடிக் காட்டியும் பாதிப் பேர் நம்பவில்லையாம். வீட்டுக்கு வந்து அதை அரைமணி நேரம், ஒவ்வொரு பிள்ளை மாதிரியும் பேசிக் காட்டிச் சொன்னாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.