மாடி அக்காவுக்குச் சேர வேண்டிய குளிர்

பொழுது சாயும்போது சித்தி ஜன்னல்களைச் சாத்திவிடுவார். அவர் வீட்டில் தங்கி நான் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போன காலம் முழுவதும் இதைப் பார்த்திருக்கிறேன். கொக்கியை மாட்டிய கையை எடுக்காமல் கொஞ்சம் நிற்பார். பிறகு, "அட, என் புத்தியே!" என்று தலையில் தட்டிக்கொண்டு மறுபடி திறப்பார். கடல்காற்று திரைச்சீலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்.

சித்தி பிறந்தது மலையில். இருட்டுவதற்குள் கதவடைத்தால்தான் அங்கே வீட்டில் சூடு தங்கும். துறைமுகத்தில் வெல்டராக இருந்த சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வெளிநாட்டுக் கடற்கரைக்கு வந்த பிறகும் கை பழைய பழக்கத்தை விடவில்லை. பகலெல்லாம் திறந்து போட்டு அனலை உள்ளே அழைத்தார்; காற்று கிளம்பும் நேரத்தில் அடைத்தார். முதல் கோடையில் கழுத்து முழுக்க வேர்க்குரு. ஜாடியில் உப்பு நீர்விட்டது, தீப்பெட்டி நமத்தது, கல்யாணப் புடவையில் பூஞ்சை பூத்தது. கடை வாசல்களுக்கு நிழல்துணி தைக்கும் பட்டறையில் அவருக்கு வேலை. தூக்கமில்லாத கண்ணோடு மெஷின் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்ட அன்று, வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டிவிட்டார்.

"நான் போறேன். நீங்க இங்கயே வேகுங்க."

தடுத்தவர் சித்தப்பா இல்லை, மாடிவீட்டுக்காரப் பெண்மணி. தாத்தா காலத்திலேயே இங்கு குடியேறிய குடும்பம். மீன் ஏலக்கூடத்தில் விலை கூவும் வேலை. சித்திக்கு மாடி அக்கா, பின்னாளில் எனக்குப் பெரியம்மா.

"காத்து வர்ற நேரத்துல எல்லாத்தையும் சாத்திட்டு ஊரு வேகுதுங்கிறியே! இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல? ஏறி வாடி மேல."

தண்ணீர் தெளித்த மொட்டைமாடியில் பாய் விரித்திருந்தது. சித்தி படுத்தார். அங்கிருந்து கடல் தெரியவில்லை. கொடியில் கிடந்த துணிகள் மட்டும் ஒரே பக்கமாக மிதந்துகொண்டிருந்தன. கரையில் கட்டியிருந்த தன்னை யாரோ மெல்ல அவிழ்த்துவிட்டதுபோல இருந்தது என்பார். எழுந்தபோது பக்கத்தில் மாடி அக்கா உட்கார்ந்திருந்தார். ஏலக்கூடத்தை அதிரவைக்கும் குரல் அப்போது கிசுகிசுத்ததாம்.

"குளிருன்னா எப்படிடி இருக்கும்?"

"வாயைத் திறந்தா புகை வரும்க்கா."

"புளுகாத."

"சத்தியமா. நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்."

"அப்ப நீ ஓடக் கூடாது. காட்டுற வரைக்கும் என் கண்ணு முன்னாடியே இருக்கணும்."

பெட்டி பிரிந்தது. பயணத்துக்கு முன்னேற்பாடாகச் சித்தி ஒரு ஸ்வெட்டர்கூடப் பின்னிக் கொடுத்தார். ஒரு கோடை மாலையில் மாடி அக்கா அதைப் போட்டுப் பார்த்தது எனக்கே நினைவிருக்கிறது.

"குளுருதாக்கா?"

"பாவி, அவிஞ்சு போறேன்டி!"

ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. சித்தப்பாவின் முதுகுவலி, கிடைக்காத விடுப்பு, பிறகு நான், என் படிப்புச் செலவு. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவர் என்று என்னைச் சொல்கிறார்கள். அந்தப் பட்டத்துக்குள் எத்தனை பேருடைய போகாத பயணங்கள் இருக்கின்றன என்று யோசித்தால், அது முழுக்க என்னுடையதுதானா என்று சந்தேகம் வருகிறது.

போன மழைக்காலத்தில் சித்தி இறந்துபோனார். நேற்று மாலை மொட்டைமாடியில் பெரியம்மா பாயின் ஓரத்தை எனக்காகத் தட்டிக் காட்டினார். காற்று வந்துகொண்டிருந்தது. அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

"நான் கூட்டிட்டுப் போறேன் பெரியம்மா," என்றேன்.

"நீ எதுக்கு? சொன்னவ அவ." துணிகள் மிதக்கும் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "அந்தக் கடன் அவ பேர்லயே இருக்கட்டும்."