கஷ்டம் என்றால் போகலாம்

என் அக்கா சைப்பிரஸில் சந்தோஷமாக இருக்கிறாள். இந்த ஒரு வரியை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யார் காதிலும் போட முடியாது. போன திருவிழாவிலிருந்து நான்தான் இதை மென்று விழுங்கிக்கொண்டு திரிகிறேன்.

அவள் அங்கே போனது கடலோர ஊர் ஒன்றில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள. தூக்கி உட்கார வைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், வீட்டையும் துடைக்க வேண்டும். முதல் வருஷம் போனை எடுத்தாலே அழுகைதான். இடுப்பு விட்டுப்போகிறது, பாஷை புரியவில்லை, பேச ஆள் இல்லை என்பாள். இந்தப் பக்கம் அம்மா அழுவாள். சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் அக்காவும் வந்து கூடச் சேர்ந்து அழுவார். பதுளையில் ஆட்டோ ஓட்டும் எங்கள் அண்ணன் போனை வாங்கி, "கொஞ்சம் பொறுத்துக்க தங்கச்சி, எல்லாம் நம்ம குடும்பத்துக்குத்தானே" என்பார். அப்போது ஒருவர்கூட "போதும், திரும்பி வந்துரு" என்று சொல்லவில்லை. அவர்கள் இதை மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை.

போன வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு லீவில் வந்தாள். வந்த அன்றே லயமே எங்கள் காம்பிராவில் கூடிவிட்டது. எல்லோரும் கண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். அக்கா ஒரு சுற்று சதை போட்டு, முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தாள். "அங்க எப்படிம்மா, ரொம்பக் கஷ்டமா?" என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. இப்ப நல்லாத்தான் இருக்கு" என்றாள் இவள். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மத்தியானமானால் கடைகளையெல்லாம் சாத்திவிட்டு ஊரே தூங்கப் போய்விடுமாம். வீதியோரத்தில் எலுமிச்சையும் தோடம்பழமும் காய்த்துக் கிடக்குமாம், ஒருவரும் பறிக்க மாட்டார்களாம். காலையில் கடல் குளம் மாதிரி அசையாமல் கிடக்க, வயசான பொம்பளைகள் தொப்பியோடு கழுத்தளவு தண்ணீரில் நின்று மணிக்கணக்காகக் கதை பேசுவார்களாம். பொழுது சாய்ந்தால் குஞ்சு குளுவானோடு எல்லோரும் கடலோரமாக நடப்பார்களாம்.

"எங்க போறதுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"எங்கயும் இல்லம்மா. சும்மா நடக்குறது."

"சும்மாவா?"

"சும்மாதான். ஞாயித்துக்கிழமை எனக்கும் லீவு. ஆக்குனதைக் கட்டி எடுத்துட்டுப் போய், கூட்டாளிங்களோட ஈச்சமரத்தடியில உக்காந்து சாப்பிடுவேன். அப்பறம் கடலைப் பாத்துக்கிட்டே இருப்பேன். நீ யாரு மக, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. வேலை வேலைதாம்மா. ஆனா அங்க வேலை முடிஞ்சா முடிஞ்சதுதான்."

கொண்டு வந்த கண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் முதலில் எரிச்சல்தான் வந்தது. இவள் படும் பாட்டை நினைத்து நான் வெள்ளிக்கிழமை தவறாமல் பட்டினி கிடந்திருக்கிறேன். இவள் அங்கே கடலோரத்தில் மீன் பொரியல் சாப்பிட்டிருக்கிறாள். அந்த எரிச்சல் ஒரு நாள்தான் நின்றது. அடுத்த நாளே அதைவிடப் பெரிய கோபம் வந்தது, அது இன்றைக்கும் போகவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் அவள் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி வந்து காம்பிராவுக்கு முன்னால், இஸ்தோப்பில் போட்டாள். ஒரு கோப்பை தேத்தண்ணீரோடு உட்கார்ந்து எதிரே இருக்கும் மலையைப் பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள். அது பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பொம்பளைகள் திரும்பி வரும் நேரம். ஒவ்வொருத்தியும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள். இருட்டுவதற்குள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. "பாத்தியா, காலு மேல காலு போட்டு உக்காந்திருக்கிறத."

என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. ஏனென்றால் நான் எல்ல என்கிற சுற்றுலா ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறேன். அங்கே என் வேலையே கதிரை போடுவதுதான். மெத்தையைத் தட்டிப் போட்டு, மலையைப் பார்க்கத் திருப்பி வைத்து, தேத்தண்ணீரும் கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் காலைத் தூக்கிக் கம்பியில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் மலையைப் பார்ப்பார்கள். உனக்கு வேலை வெட்டி இல்லையா என்று ஒருவரும் கேட்பதில்லை. அது அவர்களுக்கு ரசனை. அதே மலையை எங்கள் வீட்டு வாசலிலிருந்து என் அக்கா பார்த்தால் திமிர்.

மூன்றாம் நாள் அண்ணன் வந்தார். பீலிப் பேச்சு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. "கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா ஒன்னைய அனுப்பினோம்? போனது போதும், இனிமே வீட்ல இரு" என்றார். அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அவள் திரும்பிப் போக இரண்டு கிழமைதான் இருந்தது.

நான் விடவில்லை. அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "அவ அழுதப்ப போதும்னு சொன்னீங்களா? நல்லா இருக்கேன்னு சொன்னதுக்கப்பறம்தான் ஒங்களுக்குத் தங்கச்சி மேல பாசம் வருதா?"

"அப்ப கஷ்டப்பட்டா. இப்ப கெட்டுப்போறா" என்றார் அண்ணன். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்.

அவரைப் போய் என்ன சொல்ல. லயத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். நாங்கள் மழையில் நனைந்தால், அட்டை கடித்தால், இடுப்பொடிந்து படுத்தால், எங்களைவிட நல்லவர்கள் உலகத்தில் இல்லை. ஒரு நாள் சும்மா உட்கார்ந்தால் குணம் கெட்டவர்கள் ஆகிவிடுகிறோம். இந்த நியாயத்தை யார் எங்கள் தலையில் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தை ஆண்ட அந்த வெள்ளைக்காரத் துரைமார் போனபிறகும் நாங்களே அதைத் தூக்கிச் சுமக்கிறோமே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அழுதுகொண்டே வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "நீ சண்டை போடாத. நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

மறுநாள் அவள் பாயை விட்டு எழவில்லை, சாப்பிடவும் இல்லை. சாயங்காலம் அம்மாவும் அண்ணனும் பக்கத்துக் காம்பிரா அக்காவும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது குரலெடுத்து அழுதாள். "நான் சொன்னதெல்லாம் பொய்யிம்மா. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொன்னேன். அங்க நாய் படாத பாடு. கடலாவது ஒண்ணாவது, அந்தக் கெழவி ஜன்னலைக்கூடத் தொறக்க விடாது. கைக்குக் கெடச்சதால அடிக்கும். காலெல்லாம் வலின்னுதாம்மா கதிரையில உக்காந்தேன்."

எனக்கு அந்தக் கிழவியைத் தெரியும். போனில் என் முகத்தைப் பார்த்தாலே சிரித்து, போனுக்கே முத்தம் கொடுக்கும். சாயங்காலம் மல்லிகைப் பூக் கோத்து அக்காவின் தட்டுப் பக்கத்தில் வைக்கும். அந்த மனுஷியை ஒரே நிமிஷத்தில் பேயாக்கிவிட்டாள் என் அக்கா. ஆக்க வைத்தார்கள்.

காம்பிராவே உயிர் பெற்றது. அம்மா அவள் தலையை மடியில் போட்டுத் தடவினாள். பக்கத்துக் காம்பிரா அக்கா ஓடிப்போய்த் தைலம் கொண்டு வந்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா போகாம என்ன செய்ய. குடும்பத்தைப் பாக்கணுமே" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சியபடி.

"கொஞ்சம் பொறுத்துக்க தங்கச்சி" என்றார் அண்ணன். காலையில் பாஸ்போர்ட் வந்துவிட்டது.

இப்போது அவள் கடலோரமாக நடந்துகொண்டே என்னிடம் பேசுகிறாள். போனைத் திருப்பித் தண்ணீரையும், தொப்பி போட்ட பொம்பளைகளையும், சக்கர நாற்காலியில் அவளோடு வரும் கிழவியையும் காட்டுவாள். அம்மா வருகிறாள் என்று நான் மெதுவாகச் சொன்னதும், பின்னால் ஒரு வெறும் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்துப் போய் நின்று, துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொள்வாள்.

"கெழவி அடிச்சுச்சா சாமி?" என்பாள் அம்மா.

"இன்னைக்கு அடிக்கலம்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதைச் சொல்லப் பக்கத்துக் காம்பிராவுக்குப் போவாள்.

எனக்கும் அந்தக் கடலைப் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அந்த ஈச்சமரத்தடியில் சும்மா உட்கார வேண்டும். ஆனால் வீட்டில் வேறு மாதிரிச் சொல்லி வைத்திருக்கிறேன். வெளிநாடு என்றாலே எனக்கு நடுக்கம், அக்கா படுகிற பாட்டைப் பார்த்தபிறகு செத்தாலும் போகமாட்டேன் என்று. போன கிழமை அண்ணன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பயப்படாத, கஷ்டமாத்தான் இருக்கும், போகப் போகப் பழகிரும்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு கொஞ்சம் அழுதேன்.