மழைக்குள் இறங்கிய ஆறு

எங்கள் ஆற்று வளைவில் யாரையும் நம்பாத மனிதன் வெர்லின் டோஃப்டே. பால் லாரிக்காரன் தொட்டிப் பாலை அளந்ததும் தானும் ஒருதரம் அளப்பான். பாதிரியார் சொன்ன வசனத்தை வீட்டுக்குப் போய்ப் புரட்டிப் பார்ப்பான். பெண்டாட்டி கொடுத்த காப்பியைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பான் என்பார்கள்.

நாங்களும் அவனை நம்பியதில்லை. வெள்ளத்திலிருந்து தன் புல்வெளியைக் காப்பாற்ற எங்கள் பக்கத்துக் கரையை வெட்டிவிடுவானோ என்று, அவன் மண்வெட்டியோடு நடந்தாலே நான் ஜன்னலுக்கு வந்துவிடுவேன்.

போன டிசம்பரில் மலையில் இடுப்பளவு பனி. திடீரென்று காற்று வெதுவெதுப்பாகி, மூன்று நாளாகியும் விடாத மழை. உருகிய பனியும் சேர்ந்துகொள்ள, ஆறு கரை விளிம்பைத் தொட்டது. வீட்டில் என் மகளும், பிறந்து ஆறே நாளான என் முதல் பேத்தியும். கொட்டாவி விட்டால்கூட அத்தனை அழகு. நான் அவளைப் பார்ப்பேனா, ஆற்றைப் பார்ப்பேனா?

நாலாம் நாள் காலை ஆறு இரண்டடி இறங்கியிருந்தது. ஒரேகான் மாநில வானொலியும் அதையே சொன்னது. மகளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, வெர்லின் டிராக்டரில் வைக்கோல் வண்டியைக் கட்டி, பெண்டாட்டியை அதில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"மழை நின்னுச்சா?"

"இல்ல."

"பனி தீந்துச்சா?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் தண்ணி எங்கய்யா போச்சு?"

"ஏன், அதையும் எவனாவது திருடிட்டானா?"

"மேல பாலத்துல மரமெல்லாம் வந்து அடைச்சிருக்கும்யா. பிச்சுக்கிட்டா மொத்தமா வரும். புள்ளையத் தூக்கிட்டு ஏறு."

"நாங்க போனதும் நீ கரைய வெட்டவா?"

அவன் மண்வெட்டியை எடுத்து என் கையில் திணித்தான். "இந்தா, நீயே வெச்சுக்க. நானும் மேட்டுல உன் பக்கத்துலதான் உக்காரப் போறேன்."

மகள் குழந்தையைப் போர்த்திக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். "அப்பா, சண்டைய மேல போய்ப் போடுங்க."

அதற்குள் வெர்லின் எங்கள் சமையலறைத் தொலைபேசியில் ஆற்றின் கீழ்ப்பக்கத்து வீட்டு ஆர்லோவைக் கூப்பிட்டான். ஆர்லோவின் சிரிப்பு எனக்கே கேட்டது. "நீ முன்னால போய்யா, கெழட்டுச் சந்தேகம். மாட்ட அவுத்துவிட்டுட்டு லியோனாவக் கூட்டிக்கிட்டுப் பின்னாடியே வர்றேன்."

"வர்றேங்கறான்," என்று வெர்லின் போனை வைத்துவிட்டான்.

மேட்டிலிருக்கும் தேவாலயத்துக்குப் போய் அரைமணி ஆகியிருக்காது. நூறு லாரி மரத்தை ஒரே நேரத்தில் கொட்டினதுபோலச் சத்தம். என் வீடு ஒருதரம் சுழன்று, மரங்களோடு போனது. பேத்தி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆர்லோவையும் அவன் பெண்டாட்டி லியோனாவையும் ஜனவரியில்தான் கண்டெடுத்தார்கள்.

வெள்ளம் வந்த அன்று இருட்டும்வரை வெர்லின் தேவாலய வாசலை விட்டு நகரவில்லை. நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். மோந்து பார்க்காமல் வாங்கினான்; குடிக்கவில்லை.

"வர்றேன்னான்ல? நீயும் கேட்டல்ல?"

"கேட்டேன்யா."

"எவன் என்ன சொன்னாலும் போய்ப் பாக்கறவன் நான்," என்றான். "அவன் சொன்னத மட்டும் நம்பிட்டேனே."