மூச்சு வகுப்பும் பெரிய சிஸ்டரும்

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே மேசையில் வைத்துவிட்டுப் பெரிய சிஸ்டர் வார்டுக்குள் போகிறார். ஒருவருக்கு குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிவிட்டு வந்து ஒரு வாய். இன்னொருவருக்குக் காய்ச்சல் பார்த்துவிட்டு வந்து ஒரு வாய். நடுவில் யாராவது வாந்தி எடுத்தால் அதைக் கவனித்து, சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு வந்து மறுபடி ஒரு வாய். மதியச் சாப்பாடு இப்படிச் சாயங்காலம் வரை நடக்கும். “உக்காந்து சாப்பிட்டா எனக்குச் செரிக்கறதில்ல சார்” என்றார் என்னிடம். கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று கேட்டேன். யோசிக்கத் தொடங்கினார். அதற்குள் யாரோ மணி அடித்தார்கள், போய்விட்டார்.

என் தாய்மாமாவுக்குக் காலில் ஆறாத புண். அவருக்குத் துணையாக அந்த ஆண்கள் வார்டில் சில வாரங்கள் குப்பை கொட்டினேன். பார்ப்பதற்கு அங்கே வேறு ஒன்றும் இல்லாததால் பெரிய சிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பதை எட்டப்போகும் வயது. கட்டையான உருவம். ஓடினால் நோயாளிகள் பயந்துவிடுவார்கள் என்பதற்காக ஓட்டத்தையே நடை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார். பேச்சில் ‘நீங்கள்’ கிடையாது. “நாம பல்லு தேச்சாச்சா? நாம ஒழுங்காத் தூங்கினோமா? இப்ப நாம ஒரு ஊசி போட்டுக்கப் போறோம்.” மாமா ஒருநாள் பொறுக்க முடியாமல், “எல்லாம் நாமன்னு சொல்றீங்க, வலி மட்டும் எனக்குத் தனியா வருதே சிஸ்டர்?” என்றார். “அதையும் பங்கு போட்டுக்கிட்டா அப்புறம் வேலைய யாரு பாக்கறது?” என்று சொல்லிக்கொண்டே ஊசியைப் போட்டு முடித்துவிட்டார்.

வீட்டிலிருந்து போன் வந்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மாத்திரைகளைப் பிரிப்பார். மறுமுனையில் பெரும்பாலும் கணவர். “என்னங்க, யாருக்காவது காய்ச்சலா? இல்லல்ல? ரத்தம் வருதா? வரலல்ல? அப்ப நான் வந்து பாத்துக்கறேன், வைங்க.” காய்ச்சலும் ரத்தமும் இல்லாத குடும்பப் பிரச்சினை எதுவும் பெரிய சிஸ்டரின் காதில் ஏறாது. மகள் காலேஜில் முதலாவதாக வந்த செய்தியைக்கூட இரண்டாவது போனில்தான் வாங்கிக்கொண்டார்.

நான்கு நர்சுகள் பார்க்க வேண்டிய வார்டை இரண்டு பேர் பார்க்கிறார்கள். வேலையை விட்டுப் போனவர்களின் இடத்துக்கு ஆள் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டுப் பெரிய சிஸ்டருக்கு வாய் வலித்துவிட்டது. அதற்காக நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என்று சொல்லக் கூடாது. கூட்டம் போட்டது. நர்சுகள் ரொம்பவும் சோர்ந்து போயிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தது. சோர்வுக்குக் காரணம் வேலை என்று சொல்லக்கூடியவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வர முடியவில்லை, அவர்களுக்கு வேலை இருந்தது. ஆகவே காரணம் மனம்தான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. மனதைச் சரிசெய்ய வாரம் ஒருநாள், மாடி ஹாலில், எல்லா வார்டு நர்சுகளுக்கும் ஒரு மணி நேர மூச்சுப் பயிற்சி. வேலை முடிந்த பிறகு, அவரவர் சொந்த நேரத்தில், கட்டாயம்.

பயிற்சி கொடுக்க வந்தவர் தும்பைப்பூ நிறத்தில் ஜிப்பா போட்ட, குரலே தாலாட்டாக இருக்கிற மனிதர். பெரிய சிஸ்டர் அவருக்கு ‘மூச்சு சார்’ என்று பெயர் வைத்தார். முதல் வகுப்பில் ஹாலின் திரைகளை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, “கண்ண மெதுவா மூடிக்கோங்க. மூச்ச உள்ள இழுங்க” என்றார் அவர். வெளியே விடச் சொல்லுவதற்குள் அத்தனை பேரும் தூங்கிவிட்டார்கள். இரண்டு ஷிப்ட் பார்த்த உடம்பு வேறு என்ன செய்யும்? ஆனால் மூச்சு சார் அதைத் தூக்கம் என்று நினைக்கவில்லை. மற்ற ஆபீஸ்களில் கண்ணை மூடச் சொன்னால் பாதிப் பேர் போனைப் பார்ப்பார்களாம். “இவ்வளவு சீக்கிரமா இவ்வளவு ஆழத்துக்குப் போன கூட்டத்த நான் பாத்ததே இல்ல” என்று நிர்வாகத்திடம் நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். நிர்வாகமும் நெகிழ்ந்தது.

அன்றிலிருந்து அந்த ஒரு மணி நேரத்தைப் பெரிய சிஸ்டர் மருந்து மாதிரி அளந்து கொடுக்க ஆரம்பித்தார். பெயரளவில் எல்லாரும் போக வேண்டும். ஆனால் ஷிப்ட் முடிந்தும் வார்டை விட்டு நகர முடியாமல் யாராவது மாட்டிக்கொள்வார்கள் இல்லையா? அது யார் என்பதைப் பெரிய சிஸ்டர் தீர்மானிப்பார். “உனக்குக் கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சு, இந்த வாரம் மூச்சுக்குப் போ.” “நீ போன வாரம் நல்லா மூச்சு விட்டல்ல? இன்னைக்கி இங்கயே நில்லு.” அவர் தனக்கு மட்டும் அந்த மருந்தை எழுதிக்கொள்ளவே இல்லை.

தவறாமல் அனுப்பப்பட்டவள் ஒருத்தி. குட்டி சிஸ்டர் என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரம் ஆகாதவள். வீட்டில் கைக்குழந்தை, அது பகலில் தூங்கி ராத்திரியில் விளையாடுகிற ஜாதி. நின்றபடியே அவள் கண் சொருகுவதை நானே பார்த்திருக்கிறேன். மாமாவுக்கு மாத்திரை கொடுக்க வந்தவள் டம்ளர் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மாமாவே மாத்திரையை வாங்கி முழுங்கிக்கொண்டார். எனக்கு அன்றைக்கு உண்மையாகவே கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

இந்த நிலையில் ஒரு சேதி வந்தது. பயிற்சியின் பலனை ஆஸ்பத்திரி டைரக்டர் நேரில் வந்து பார்க்கப் போகிறார். அவருக்குத் திருப்தி இல்லாவிட்டால் மூச்சை நிறுத்திவிட்டு, கைதட்டிப் பாட்டுப் பாடி பலூன் ஊதுகிற உற்சாகப் பயிற்சி வைத்துவிடுவார்கள். கூடவே ஒரு பின்குறிப்பு: பயிற்சியில் யாரும் தூங்குவதாகத் தெரிந்தால் மெமோ. வருவதற்கு அது சொந்த நேரம். தூங்கினால் மட்டும் பணி நேரம். குட்டி சிஸ்டரைப் போல நிரந்தரம் ஆகாதவர்களுக்கு ஒரு மெமோ விழுந்தால் வேலையே போய்விடும்.

“அன்னைக்கி நான் வரலக்கா. கண்ண மூடினா நான் காலி” என்றாள் குட்டி சிஸ்டர்.

“அன்னைக்கி வராம இருந்தா அதுக்கும் மெமோதான். முழிச்சுக்கிட்டு இருக்க முடியுமா உன்னால?”

“முடியாதுக்கா.”

“அப்பத் தூங்கு. ஆனா ஒழுங்காத் தூங்கு.”

துணி அடுக்கும் அறையில் எல்லா நர்சுகளுக்கும் ஒத்திகை நடந்தது. அந்த ஆஸ்பத்திரியில் நான் பார்த்த உருப்படியான ஒரே பயிற்சி அதுதான். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். கைகள் மடியில், உள்ளங்கை மேலே பார்த்து. வாய் திறக்கவே கூடாது. “தலை முன்னால விழுந்தா தியானம். பின்னால விழுந்தா மெமோ. ஞாபகம் வச்சுக்கோ” என்று பெரிய சிஸ்டர் ஒவ்வொருத்தி நெற்றியிலும் விரல் வைத்துத் தள்ளித் தள்ளிப் பழக்கினார்.

அன்று முதல்முறையாக அவரும் மாடிக்குக் கிளம்பினார். வார்டை ஆயாம்மாவிடமும், ஆயாம்மாவை என் மாமாவிடமும் ஒப்படைத்தார். “நீங்க சும்மாதான இருக்கீங்க சார்” என்று நாற்காலி தூக்க என்னையும் கூட்டிப்போனார். நோயாளிக்குத் துணையாக வந்தவன் சம்பளம் இல்லாத சிப்பந்தி என்பது எல்லா ஆஸ்பத்திரிகளிலும் உள்ள வழக்கம். நாற்காலிகளைப் போட்டுவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டேன்.

டைரக்டருக்கு முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி. குட்டி சிஸ்டருக்கு யார் கண்ணிலும் படாத கடைசி வரிசை. பக்கத்தில் காவலாகப் பெரிய சிஸ்டர். கணக்கு சரியாகத்தான் இருந்தது. டைரக்டர் வந்தார், மெத்தை நாற்காலியைப் பார்த்தார், அடக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. “நோ நோ, நானும் உங்கள்ல ஒருத்தன்தான். நான் இங்க இருக்கறதாவே நினைக்காதீங்க” என்று சொல்லியபடி நேராகக் கடைசி வரிசைக்கு நடந்து, குட்டி சிஸ்டருக்கு மறுபக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெரிய சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும், நாற்காலி தூக்கினவன்.

திரைகள் மூடின. விளக்கு அணைந்தது. நான் நின்ற கதவிடுக்கு வழியாகக் கடைசி வரிசையில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. மூச்சு சாரின் குரல் எழுந்தது. “கண்ண மெதுவா மூடிக்கோங்க...” முன்வரிசைகளில் முதுகுகள் நிமிர்ந்தபடியே உறைந்தன. தலைகள் ஒவ்வொன்றாகப் பக்தியோடு முன்னால் தொங்கின. ஒத்திகை வீண்போகவில்லை. குட்டி சிஸ்டரும் முதலில் சரியாகத்தான் தூங்கினாள். தலை முன்னால் போயிற்று, நின்றது, யோசித்தது, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து டைரக்டரின் தோளில் போய் உட்கார்ந்தது. பக்கவாட்டில் விழுந்தால் அது என்ன என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

டைரக்டர் திடுக்கிட்டுக் கண் திறந்தார். தோளைப் பார்த்தார். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, எச்சில் வழிய, அவருடைய கோட்டின்மேல் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அதைத் தியானம் என்று மூச்சு சார்கூடச் சொல்ல மாட்டார். டைரக்டரின் முகம் இறுகியது. அவளைத் தட்டி எழுப்புவதற்குக் கையை உயர்த்தினார்.

பெரிய சிஸ்டரின் கை குறுக்கே போய் அந்த மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்தபின், என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், முகம் வெளுத்துவிட்டது. ஆனால் விடவில்லை. மூன்று விரல்களும் தாமாகவே நகர்ந்து நாடியைத் தேடி அழுத்திக்கொண்டன. இன்னொரு கையைத் திருப்பித் தன் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்க்க ஆரம்பித்தார்.

பேசுவதற்காகத் திறந்த வாயை டைரக்டர் மூடிக்கொண்டார். நர்ஸ் நாடி பார்க்கும்போது பேசக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். ஏதோ கெட்ட சேதி வரப்போகிறதோ என்று அவர் அசையாமல், கோட்டில் எச்சில் வழிய, பெரிய சிஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி சிஸ்டர் அவர் தோளில் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

முள் ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வந்தது. பெரிய சிஸ்டர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.